சங்குக் கொண்டையை யார் தலையில் கட்டுவது?

எங்களிடம் சிகையலங்காரப் பயிற்சியில் இருக்கும் பெண் போன வாரம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். பென்சிலில் வரைந்த ஒரு தலை. அதன் உச்சியில் சங்கு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு கொண்டை. அடி அகலம், நுனி கூர், லேசாக இடப்பக்கம் சாய்வு.

"இதைத்தான்க்கா போட்டோ எடுக்கப் போறேன். எனக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். வீட்டிலேயே டோப்பாவில் பண்ணி எடுத்துட்டுப் போயிடட்டுமா, இல்ல ஆள் தலையிலேயே கட்டட்டுமா?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்ததில் எனக்குச் சந்தோஷம். முதல் முறை படப்பிடிப்புக்குத் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாக வேறு எங்கோ ஆரம்பிப்பார்கள். எந்த இடம், யார் கேமரா, என்ன உடை, பின்னால் என்ன நிறத் துணி என்று ஓடும் பேச்சு. முடி நம் கையில்தானே இருக்கிறது, அது எப்படியும் வந்துவிடும் என்கிற தைரியம். நானும் அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தவள்தான். அதன் பலன் கீழே வருகிறது. யாருடைய முடி என்பது முடிவானால்தான் மற்றவை நகரும். எத்தனை மணி நேரம் வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், ஒரே நாளில் எத்தனை லுக் எடுக்கலாம், கேமரா எவ்வளவு கிட்டே வரலாம், எல்லாமே அதைப் பிடித்துத் தொங்குகிறவை. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த ஒரு முடிவைப் பற்றித்தான்.

வழிகள் மூன்று: மாடலின் சொந்த முடி, முழு டோப்பா, இரண்டுக்கும் நடுவில் சவுரி.

"கூந்தல் இருக்கிற மகராசி அள்ளியும் முடிவாள், கோதியும் முடிவாள்" என்பார்கள். சொந்த முடியின் பலம் அதுதான். நெற்றியோரத்துப் பூனைமுடி, பிடரியில் சுருண்டு நிற்கும் குட்டி முடி, வகிட்டில் தெரியும் தோல், இதெல்லாம் எந்தப் பொய்முடியிலும் அச்சு அசலாக வராது. கிட்டே போய் எடுத்த படத்தில் பார்ப்பவரின் கண், முகத்துக்கு அடுத்தபடியாக நெற்றியும் முடியும் சேரும் கோட்டுக்குத்தான் போகும். அந்தக் கோடு நிஜமாக இருந்துவிட்டால், அதற்கு மேலே நீங்கள் சங்கு கட்டினாலும் சரி, மாடிவீடு கட்டினாலும் சரி, நம்பிவிடுவார்கள்.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி என்பது பொதுக்கணக்கு. கேட்கப் பெரிய எண். ஆனால் இடுப்பு வரை நீண்ட கூந்தலையும் அள்ளிச் சேர்த்தால் ஒரு பிடிக்குள் அடங்கிவிடுகிறது. சங்கின் அடிச்சுற்றுக்கு வேண்டிய கனம் அந்தப் பிடியில் கிடையாது. பேக்கோம்பிங் செய்து, அதாவது முடியை நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகத் தலைகீழாகச் சீவி, ஊதிப் பெருக்கலாம்தான். அப்படிப் பெருக்கிய முடியின் மேல்பரப்பைச் சீப்பால் எவ்வளவு தடவினாலும் வழவழப்பு முழுசாக வராது; சங்குக்கு வழவழப்புதானே உயிர். அலை, சுருள், கலைந்த பின்னல் போன்ற யோசனைகளுக்குச் சொந்த முடி கைகொடுக்கும். கட்டி நிற்கிற வடிவங்களுக்கு அது மட்டும் போதாது.

நேரமும் இடிக்கும். முடிக்கு நாம் கொடுக்கும் தற்காலிக வடிவத்தைப் பிடித்து வைப்பது, கெரட்டின் புரதத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள். நனைத்தாலும் சூடாக்கினாலும் அவை பிடியை விடும். காய்ந்தோ ஆறியோ வரும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் டாங் எனும் சூடான சுருட்டுக் கருவியில் சுருட்டியதைச் சூட்டோடு தொங்க விட்டால் பாதிச் சுருள் அங்கேயே போய்விடுகிறது. டாங்கிலிருந்து நழுவும் சுருளை உள்ளங்கையில் வாங்கி, வளையம் கலையாமல் தலையோடு சேர்த்துக் கிளிப் போட்டு, விரல் வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லை என்கிற வரை ஆறவிட வேண்டும். ஈரத்தில் ரோலர் சுற்றி, முழுக்கக் காய்ந்த பிறகு எடுத்த சுருள் இதைவிட நெடுநேரம் நிற்கும். ஆனால் அதற்கு மாடல் முந்தின ராத்திரியே வந்து உட்கார வேண்டும். காற்றில் ஈரப்பசை அதிகமாக இருக்கும் நாளில் இரண்டுமே தளரும். நாம் படப்பிடிப்புக்குத் தேதி குறிக்கிறோம். காற்று நம்மைக் கேட்டா வருகிறது?

இன்னொன்று, காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் பளபளவென்று வந்து நிற்பார் மாடல். பாவம், நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அப்போது அலசிய முடி வழுக்கும், கொண்டை ஊசி நிற்கவே நிற்காது. முந்தின நாளே அலசிவிடுங்கள், வேர்ப்பக்கம் கண்டிஷனர் போடாதீர்கள் என்று முன்கூட்டியே செய்தி அனுப்பிவிட வேண்டும்.

உங்கள் யோசனையே ஒரு வெட்டாக இருந்தால் கதை வேறு. 1963-ல் சிகையலங்காரக் கலைஞர் விடால் சசூன், நடிகை நான்சி குவானின் நீளக் கூந்தலை 'பாப்' எனும் குட்டை வெட்டாக வெட்டினார். புகைப்படக்காரர் டெரன்ஸ் டோனவன் எடுத்த படம்தான் அந்த வெட்டை ஊர் உலகத்துக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே வெட்டுதான் படம். சொந்த முடியை விட்டால் அதற்கு வழியே இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் ஒருவர் தலையில் கத்தரி வைக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: முடி வளர்வது மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். உங்களுக்கு அது ஒரு நாள் படப்பிடிப்பு. அந்தப் பெண் ஒரு வருஷம் அதைத் தலையில் சுமந்துகொண்டு நடமாட வேண்டும். நிறம் போடுவதிலும் அதே சங்கடம், கூடவே 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் கொஞ்சம் தடவி ஒவ்வாமை பார்க்க வேண்டிய வேலையும் சேரும். முதல் படப்பிடிப்புக்கு வெட்டும் வேண்டாம், நிறமும் வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, டோப்பா.

இதன் பெரிய வசதி, நேரம் உங்கள் கையில் இருக்கிறது என்பது. மேசையில் ஒரு கேன்வாஸ் தலையைப் பொருத்திக்கொண்டு ராத்திரி ராத்திரியாக ஒரு வாரம் உட்காரலாம். சாய்வு சரியில்லை என்றால் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டலாம். 'வலிக்குது' என்றோ 'கழிவறைக்குப் போகணும்' என்றோ யாரும் சொல்லப் போவதில்லை. பீஹைவ் என்கிற தேன்கூட்டுக் கொண்டை பிறந்ததே இப்படித்தான். 1960-ல் அழகுக்கலைப் பத்திரிகை ஒன்று புதிதாக ஏதாவது செய்து கொடுங்கள் என்று கேட்க, சிகாகோவில் சலூன் நடத்திவந்த மார்கரெட் வின்சி ஹெல்ட், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு பொம்மைத் தலையை எதிரில் வைத்துக்கொண்டு முயன்று பார்த்தார். அவரிடம் சின்னதாக ஒரு கறுப்பு வெல்வெட் தொப்பி இருந்தது; அதன் வடிவம்தான் யோசனைக்கு முதல் புள்ளி. பத்திரிகைப் படத்துக்காகச் செய்த ஒரு கொண்டை அந்தப் பத்து வருஷத்தின் அடையாளமாகவே ஆகிப்போனது. பொம்மைத் தலையை வெறும் பயிற்சிச் சாமான் என்று ஓரம் தள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது என் கதை. பயிற்சியில் இருந்தபோது முதல் படப்பிடிப்புக்கு நான் டோப்பாவைத்தான் எடுத்துப் போனேன். முன்பக்கம் லேஸ், அதாவது நெற்றியில் ஒட்டுகிற மெல்லிய வலை, வைத்தது. ஐந்து ராத்திரி வேலை. கேன்வாஸ் தலையில் பார்த்தபோது எனக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது. அன்றைக்கு வந்த மாடலுக்கு இடுப்பு வரை முடி. அதை எல்லாம் சுருட்டி உச்சியில் வைத்து, வலைத்தொப்பி போட்டு, மேலே டோப்பாவை இறக்கினேன். இறங்கவில்லை. உள்ளே இருந்த முடிச்சுருட்டு தாங்கிப் பிடித்ததில் நெற்றி ஓரம் ஒரு விரல் அளவு மேலே ஏறி நின்றது. இழுத்துப் பசை போட்டு ஒட்டினேன். கண்ணாடியில் பார்க்க மோசமில்லை. படத்தில் பார்த்தால், புருவத்துக்கு மேல் நெற்றி நீண்டுகொண்டே போகிறது, அது முடியும் இடத்தில் பசை ஃபிளாஷ் வெளிச்சத்தில் செலோடேப் ஒட்டினாற்போல் மின்னுகிறது. பக்கவாட்டில் எடுத்த மூன்று, பின்னாலிருந்து எடுத்த இரண்டு தவிர ஒன்றும் தேறவில்லை.

தப்பு என்னுடையது. மாடலின் தலைச் சுற்றளவை அளந்திருக்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நீள முடியை உச்சியில் குவிக்காமல், தலையோடு ஒட்டிய மெல்லிய பின்னல்களாகப் போட்டுத் தலை முழுக்கப் பரப்பியிருந்தால் டோப்பா படிந்து உட்கார்ந்திருக்கும். டோப்பாவுக்கு ஏற்ற மாடல் குட்டை முடி உள்ளவர்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

செயற்கை இழையா, மனித முடியா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். சாதாரணச் செயற்கை இழையில் டாங்கை வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். சூடு தாங்கும் வகை என்றால் எத்தனை டிகிரி வரை என்று உறையிலேயே போட்டிருப்பார்கள், அதற்கு மேல் ஒரு டிகிரிகூட ஏற்றாதீர்கள். அதன் இன்னொரு குணம் மினுமினுப்பு. அறையில் தெரியாது. ஃபிளாஷ் அடித்ததும் பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும். டிரை ஷாம்பூவையோ டால்கம் பவுடரையோ பெரிய பிரஷ்ஷில் எடுத்து லேசாகத் தட்டினால் அடங்கும். அதன் பக்கம் சொல்ல நல்லதும் உண்டு: காற்றின் ஈரப்பசைக்கு அது அசையாது, காலையில் கட்டியது சாயங்காலமும் அப்படியே நிற்கும். பளீரென்ற நீலமோ பச்சையோ வேண்டும் என்றால் யார் முடியையும் வெளுக்க வேண்டாம், அந்த நிறத்திலேயே கிடைக்கும். ஒரே நாளில் மூன்று லுக் எடுத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும், நெற்றியை மறைக்கிற மாதிரி முன்முடி வெட்டிய யோசனைக்கும் நான் டோப்பாவையே சொல்வேன்.

மூன்றாவது வழிக்கு நம் மொழியில் பழைய பெயரே இருக்கிறது: சவுரி. முன்னால் தெரிவது மாடலின் முடி; கனமும் நீளமும் நாம் கொண்டுபோவது. சங்குக் கொண்டைக்கு இதுதான் என் தீர்ப்பு. அதனால் இதை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ச் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது கூடு. மெல்லிய கம்பியை வளைத்துக் கூம்பாக்கி, அதன் மேல் வலைத்துணி சுற்றி, சங்கின் சாய்வு எப்படி வேண்டுமோ அப்படியே வளைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் சவுரி முடியைப் பட்டை பட்டையாக, அடியிலிருந்து நுனிக்குச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பட்டையையும் ஒட்டும் முன் ஜெல் தடவி, பல் நெருங்கிய சீப்பால் இழுத்து, நாடா மாதிரி தட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஒரு சுற்றின் ஓரம் அடுத்த சுற்றுக்கு அடியில் கொஞ்சம் புக வேண்டும். இடைவெளி விட்டால் உள்ளே வலை தெரியும், படத்தில் அது தப்பாமல் தெரியும். எல்லாம் காய்ந்த பிறகு கையில் வைத்துப் பாருங்கள். ஒரு செல்போன் கனத்துக்கு மேல் போனால் நான் பிரித்துவிட்டு, உள்ளே முடியைக் குறைத்துத் திரும்பச் செய்வேன். இரண்டு மணி நேரம் கழுத்து அசையாமல் நிற்கப் போவது நாமில்லை.

மாடலின் தலையில், நெற்றி ஓரத்தைச் சுற்றி 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு முடியைத் தனியாகப் பிரித்துக் கிளிப் போட்டு விடுங்கள். பிடரியிலும் அப்படியே. நடுவில் மிச்சம் இருப்பதை உச்சியில் போனிடெயிலாக இறுக்கி, அதைச் சுற்றி நாலைந்து இடத்தில் குட்டிப் பின்னல் போட்டுச் சுருட்டி வையுங்கள். கொண்டை ஊசிக்குப் பிடிமானம் அந்தச் சுருட்டுகள்தான். வெறும் வழவழ முடியில் குத்திய ஊசி அரை மணியில் நழுவும். கூட்டை வைத்து, ஊசிகளை இரண்டு இரண்டாகப் பெருக்கல் குறி போல் குறுக்கே மாட்டுங்கள். சங்கு இடப்பக்கம் சாய்கிறது என்றால் இழுவை வலப்பக்கம் வரும், அங்கே இரண்டு ஜோடி கூடுதலாகப் போடுங்கள். கடைசியாக, ஒதுக்கி வைத்த 4 சென்டிமீட்டர் முடியை எடுத்து, மேல்நோக்கிச் சீவி, சங்கின் முதல் சுற்றோடு சேர்த்துவிட்டால் இரண்டும் எங்கே சேர்கிறது என்று எனக்கே தேட வேண்டியிருக்கும்.

நிறம் பொருந்துவதுதான் சவுரியின் பலவீனம். மாடலைக் கேட்டு அவர் முடியில் ஒரு சிறு கற்றையை முன்னதாக வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது சவுரியோடு நேரில் போய்விடுங்கள். சலூனின் மஞ்சள் விளக்கில் ஒத்துப்போன கறுப்பு, பகல் வெளிச்சத்தில் ஒன்று நீலக் கறுப்பாகவும் இன்னொன்று செம்பழுப்பாகவும் பிரிந்து நிற்கும். படம் எந்த வெளிச்சத்திலோ ஒப்பிடுவதும் அந்த வெளிச்சத்தில். நீள முடியின் நுனி வேரைவிட வெளிறியிருக்கும், நடுமுடியோடு ஒப்பிடுங்கள். எப்படியும் பொருந்தவில்லையா? அரைகுறைப் பொருத்தத்தைவிட, வேண்டுமென்றே வேறு நிறம் மேல். கறுப்பு முடியிலிருந்து எலும்பு வெள்ளையில் ஒரு சங்கு எழுந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

முடி முடிவாகிவிட்டால் வெளிச்சத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. முடியின் மேல் வெளிச்சம் பட்டால் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு பளபளப்புப் பட்டை விழும். சங்கில் ஐந்து சுற்று இருந்தால் ஐந்து பட்டை. அந்தப் பட்டைகள்தான் 'இது சுருண்டு ஏறுகிறது' என்று கண்ணுக்குச் சொல்பவை. கேமராவின் தலையிலேயே இருக்கும் ஃபிளாஷால் நேருக்கு நேர் அடித்தால் பட்டையும் நிழலும் சேர்ந்து போய், ஒரு கறுப்புக் கட்டிதான் மிஞ்சும். பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னால் சற்று உயரத்திலிருந்து ஒன்று, இவ்வளவு இருந்தால் சங்கின் விளிம்பு தனியாகப் பிரியும். கறுப்பு முடிக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்ட ஆசைப்படாதீர்கள். அழகான யோசனைதான், முடி அதில் கரைந்து காணாமல் போகும். சாம்பல் நிறம் போதும். இன்னொரு விஷயம்: கறுப்பு நிறைந்த படத்தைக் கேமரா தானாக வெளிச்சம் ஏற்றிச் சமன்செய்யப் பார்க்கும், முகம் வெளிறிவிடும். முகத்துக்கு ஏற்ப வெளிச்ச அளவை வைத்துவிட்டு, முடிக்கு வேண்டியதைத் தனி விளக்கால் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜன்னல் வெளிச்சமா, ஃபிளாஷா, எல்இடி விளக்கா? முடி பறக்கிற, அசைகிற யோசனை என்றால் ஃபிளாஷ்தான்; இமைக்கும் நேரத்தில் அடித்து ஓய்கிற அதன் வெளிச்சம் ஒவ்வொரு இழையையும் உறைய வைத்துவிடும். சங்கு அசையப் போவதில்லை. அதனால் கற்றுக்கொள்கிறவருக்கு எல்இடி நல்லது என்பேன். விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால், எங்கே பட்டை உடைகிறது, எந்த முடி தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று படம் எடுக்கும் முன்பே தெரியும், போய்ச் சரிசெய்துவிடலாம். ஜன்னல் செலவில்லாதது, மென்மையானது. எதிர்ப்பக்கம் ஒரு பெரிய வெள்ளை அட்டையைப் பிடித்தால் நிழல் தணியும். ஆனால் நீங்கள் 10 மணிக்கு ஆரம்பித்துச் சங்கு முடிய 1 மணி ஆகிவிட்டால் காலையில் பார்த்து மயங்கின வெளிச்சம் அங்கே இருக்காது. ஜன்னலை நம்பினால், முடி முடியும் நேரத்தில் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று முந்தின நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இதெல்லாம் இல்லாமல் படமே வராதா என்றால், வரும். நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே. டி. ஒக்காய் ஒஜெய்கெரே 1968-லிருந்து தன் நாட்டுப் பெண்களின் சிகையலங்காரங்களை எடுக்க ஆரம்பித்துக் கிட்டத்தட்ட ஆயிரம் படம் சேர்த்தார். கறுப்பு வெள்ளை. பின்னணியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பலவற்றில் முகமே கிடையாது, பின்னந்தலை மட்டும்தான். நூல் சுற்றி நிமிர்த்திய முடிக்கற்றைகள் இரும்புக் கம்பி வேலை மாதிரி நிற்கும். முன்பக்கம் ஒன்று எடுத்தால் பின்பக்கம் இரண்டு எடுங்கள் என்று நான் பயிற்சிப் பெண்களிடம் சொல்வது அந்தப் படங்களைப் பார்த்து வந்த பழக்கம். சங்கின் வால் எங்கே முடிகிறது என்பது பின்னாலிருந்து பார்த்தால்தானே தெரியும்?

எத்தனை லுக் என்பதில் நான் கறார். ஒன்றுதான். அதிகம் போனால் ஒன்றரை. சவுரியைப் பொருத்த இரண்டு மணி நேரம், மேக்கப் ஒரு மணி, உடை, சாப்பாடு, நடுவில் நுனி சரிந்து அதைத் தூக்கி நிறுத்த அரை மணி என்று கணக்குப் போட்டால் பகல் பொழுது அதிலேயே கரைந்துவிடும். மூன்று லுக் திட்டம் போட்டவர்களின் மூன்றாவது லுக்கைப் பார்த்தாலே தெரியும், மாடலின் கண்ணில் தூக்கம், முடியில் அவசரம். அந்த அரை எங்கிருந்து வருகிறது என்றால், சங்கைக் கழற்றிய பிறகு கீழே இருப்பது ஏற்கனவே வழவழவென்று சீவிய நெற்றியும் இறுக்கிய போனிடெயிலும். அதை அப்படியே ஒரு படம் எடுக்கலாம். பிறகு அதையே அவிழ்த்துக் கலைத்து இன்னொன்று. இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது. வழவழப்பிலிருந்து கலைசலுக்குப் போக ஐந்து நிமிஷம். கலைத்து ஸ்ப்ரே அடித்த முடியை வழவழப்பாக்க வேண்டுமானால் தலையை அலச வேண்டும்.

மாடல் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ள மாடலுக்கு உடம்பை எப்படி நிறுத்துவது என்று தெரியும், கழுத்தை நீட்டச் சொன்னால் நீட்டுவார். தெரிந்த பெண் வெட்கப்படுவார், ஆனால் ஒத்திகைக்கு இரண்டு முறை வரச் சொன்னாலும் வருவார். முதல் படப்பிடிப்புக்கு அந்த இரண்டு ஒத்திகைதான் முக்கியம் என்பதால் தெரிந்தவரையே தேர்ந்தெடுப்பேன், நெற்றிக் கோடு நன்றாக இருக்கிறதா, கழுத்து நீளமா என்று மட்டும் பார்த்து. படம் எங்கெல்லாம் வரும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குவது தோழியாக இருந்தாலும் கட்டாயம். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றவர்களின் கையெழுத்து. புகைப்படக்காரரும் உங்களைப் போலக் கற்றுக்கொள்கிறவராக இருந்தால் பரவாயில்லை. படம் எடுத்ததும் லேப்டாப் திரையில் பெரிதாகத் தெரிகிற மாதிரி இணைக்கத் தெரிந்தவரா என்று மட்டும் கேளுங்கள். கேமராவின் பின்பக்கச் சின்னத் திரையில் எந்தக் கொண்டை ஊசியும் தெரியாது. அந்த ஊசி பிறகு வாழ்நாள் முழுக்கத் தெரியும்.

இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெறும் சுவர், நல்ல நாற்காலி, பிளக் பாயிண்ட் இரண்டு. போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் மட்டும், சவுரியும் டோப்பாவும் அனுமதியா, படத்தைக் கணினியில் எவ்வளவு திருத்தலாம் என்று விதிமுறையைக் கம்பி வளைக்கும் முன்பே படித்துவிடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் நோட்டை எடுத்து, வரைந்த தலையின் நெற்றி ஓரமாகப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் '4 செ.மீ., இது அவ முடி' என்று எழுதினாள். அப்புறம் யோசித்து, "கழட்ட எவ்வளவு நேரம்க்கா ஆகும்?" என்றாள்.

மூன்று வழிகளுக்கும் உள்ள இன்னொரு வித்தியாசம் அது. நான் சொல்ல மறந்துவிட்டேன். டோப்பா ஒரு நிமிஷத்தில் கழன்றுவிடும். பேக்கோம்பிங் செய்த சொந்த முடியைக் கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுக்க முக்கால் மணி நேரம் ஆகலாம். சவுரிக்கு இருபது நிமிஷம். களைத்துப் போன பெண்ணைத் தலையில் ஊசியோடு வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் அந்தப் பெண் வருவாளா?

"போடும்போதே ஊசியை எண்ணி எழுதி வெச்சுக்கோ," என்றேன். "எடுக்கும்போது ஒண்ணு குறைஞ்சாலும் தேடணும்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.